தொடர் முடிந்ததா, நிறுத்தப்பட்டதா? இதை மட்டும் சொல்லாத ஓடிடி

நான் பல வருடங்களாகச் சந்தா கட்டிவரும் ஒரு ஓடிடி சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை இன்று அநேகமாக எல்லா ஓடிடிகளிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமில்லை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. படம், ஒலி, சப்டைட்டில், செயலி என்று பார்த்தால் நான்கரை கூடக் கொடுக்கலாம். ஆனால் நான் பணம் கட்டுவது கதைக்காக. அந்தக் கதை முழுதாக இருக்கிறதா, பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறதா என்ற தகவலை இந்தச் சேவை எங்குமே தருவதில்லை. இரண்டு மதிப்பெண் அங்கேதான் போனது.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையம் மந்தமாக இருந்தாலும் படம் சுற்றிக்கொண்டு நிற்பதில்லை, தெளிவு மட்டும் கொஞ்சம் இறங்கும். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம். கதவு தட்டும் சத்தம், தூரத்து இடி என்று பின்னணி ஒலிகளையும் எழுதிக் காட்டும் சப்டைட்டில் பெரும்பாலான தொடர்களுக்கு உண்டு. ஒரு காது சரியாகக் கேட்காத என் அக்காவுக்கு அது பெரிய உதவி. முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருக்கிறது. போனில் விட்ட இடத்திலிருந்து டிவியில் தொடரலாம். இதிலெல்லாம் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அக்காவும் நானும் வேறு வேறு வீடுகளில் இருந்துகொண்டு ஒரே தொடரைப் பார்ப்போம். போனை ஸ்பீக்கரில் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். மர்மக் கதை என்றால் நான் ஒரு நோட்டு வைத்துக்கொள்வேன். இடது பக்கம் கேள்விகள். விடை கிடைத்ததும் எதிரே வலது பக்கத்தில், எந்த எபிசோடில் கிடைத்தது என்று குறிப்பேன். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இப்படிப் பார்ப்பதுதான் சுகம். கதாசிரியர் எங்கே ஒரு முடிச்சைப் போட்டு எவ்வளவு பொறுமையாக அதை அவிழ்க்கிறார் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அக்காவுக்கு நோட்டு தேவையில்லை, எல்லாம் அவள் தலையிலேயே நிற்கும்.

இந்தச் சேவையே தயாரித்து, முகப்பில் பெரிதாகப் போட்டுக் காட்டிய ஒரு தொடரை அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு கலங்கரை விளக்கம், காணாமல் போன ஒரு மருத்துவர், அவர் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, ஒரே நாளில் ஒரே தாய்க்குப் பிறந்ததாகப் பதிவாகி ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்கள். எழுத்து அருமை. வசனத்தைக் குறைத்து, முகங்களை நம்பி எடுத்திருந்தார்கள். இரண்டாம் சீசனின் நடுவில், மருத்துவரின் தங்கை அண்ணனின் பழைய கோட்டை உதறி மடித்து வைக்கும் ஒரு காட்சி வரும். ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள் என்பது நமக்குப் புரிந்துவிடும். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் முடிச்சையும் அவிழ்ப்பார்கள் என்று நம்பித்தான் தொடர்ந்தோம்.

கடைசி எபிசோடின் கடைசி நிமிடத்தில் அந்தத் தங்கை ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே அவளை உரித்து வைத்தாற்போல் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்கிறாள். திரை இருண்டு பெயர்கள் ஓடத் தொடங்கின.

போனில் அக்கா, "அடுத்ததைப் போடுடி" என்றாள்.

"அடுத்தது இல்லக்கா."

"இல்லேன்னா? இன்னும் வரலையா, இனிமே வரவே வராதா?"

இந்தக் கேள்விக்குத்தான் சேவையில் விடை இல்லை. தொடரின் பக்கத்துக்குப் போனால் '2 சீசன்கள்' என்று இருக்கிறது. 'மர்மம்', 'மெல்ல இறுகும் கதை', 'விமர்சகர்கள் பாராட்டியது' என்று பட்டைகள் இருக்கின்றன. வன்முறை உண்டு, புகைபிடிக்கும் காட்சி உண்டு, விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. அந்த எச்சரிக்கைகள் எல்லாம் தேவையானவை, அவற்றைப் போடுவது பாராட்டத்தக்கது. ஆனால் கதை முடியவில்லை, இனி முடியப்போவதும் இல்லை என்ற விஷயத்துக்கு அங்கே ஒரு வரி இடம் இல்லை. வெளியே செய்திகளில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்: நாங்கள் முதல் எபிசோடைப் போடுவதற்கு வெகு நாள் முன்பே தொடர் ரத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அது முகப்பில், 'உங்களுக்குப் பிடிக்கும்' என்ற வரிசையில் உட்கார்ந்திருந்தது. என் நோட்டில் வலது பக்கம் பாதிக்கு மேல் வெறுமையாக நின்றது. சாவி எந்தப் பூட்டுக்கு என்பது கூடத் தெரியவில்லை.

சில நாள் அந்தக் கதை விடாமல் பின்னாலேயே வந்தது. 1920களில் பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் படித்த மரியா ஒவ்சியாங்கினா இதைப் போன்ற ஒன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆட்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துப் பாதியில் தடுத்துவிட்டால், யாரும் சொல்லாமலேயே பெரும்பாலானவர்கள் அந்த வேலைக்குத் திரும்பிப் போய்த் தொடர்ந்தார்கள். வேலையில் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது. ரத்தான தொடரில் நாம் திரும்பிப் போக எதுவும் இல்லை, அதனால் மனம் அதே இடத்தில் சுற்றுகிறது. அக்கா தூக்கம் வராமல் போன் போட்டு, "ஒருவேளை அந்த மருத்துவர்தான் பிறப்புப் பதிவை மாத்தியிருப்பாரோ?" என்று கேட்பாள். நான் நோட்டைத் திறப்பேன். சாட்சியே இல்லாத ஒரு வழக்கை இரண்டு பேரும் அரை மணி நேரம் நடத்துவோம்.

வாடிக்கையாளர் சேவைக்கும் எழுதினேன். மரியாதையாகவே பதில் வந்தது: கருத்தைக் குறித்துக்கொண்டார்களாம், எதிர்கால சீசன்களைப் பற்றித் தகவல் எதுவும் இல்லையாம். 'ரத்து' என்ற சொல்லை அந்த மனிதர் கடைசிவரை எழுதவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்க்கும் திரையிலும் அந்தத் தகவல் இருந்திருக்காது.

எல்லா முடிச்சும் அவிழ்ந்தே ஆக வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை நான். விடை சொல்லாமல் முடிந்த கதைகளில் சிலதான் எனக்கு மிக நெருக்கமானவை. தமிழில் படிக்கிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்று அடித்துச் சொல்லாமலேயே கல்கி கதையை முடித்துவிட்டார். வரலாறும் அங்கே பாதிதான் பேசுகிறது: உடையார்குடிக் கல்வெட்டு அந்தக் கொலையின் துரோகிகள் என்று சிலருடைய பெயர்களைச் சொல்கிறது, ஏன் செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே வைத்து அதைச் சுற்றிக் கதையைக் கட்டினார் கல்கி. அதன் பிறகும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடவில்லை. ஏன் இப்படித் திடீரென்று முடித்தீர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முடிவுரை எழுதினார். அந்த முடிவுரையை நான் நாவல் அளவுக்கே மதிக்கிறேன். இத்தனை வாரம் கூடவே வந்தவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தொலைக்காட்சியில், ஒரு மாஃபியா தலைவனையும் அவன் குடும்பத்தையும் பற்றிய அமெரிக்கத் தொடரான 'சோப்ரானோஸ்' இருக்கிறது. 2007 ஜூன் 10 அன்று, குடும்பத்தோடு அவன் ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் அதன் கடைசிக் காட்சி நடுவிலேயே அறுந்து, திரை சில விநாடிகள் வெறும் கறுப்பாக நின்றது. கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். அடுத்த நொடி அந்த உணவகத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு அந்த முடிவு முழுமையானது. அந்த மனிதன் எப்படிப்பட்டவன், அவன் குடும்பம் எதற்குக் கண்ணை மூடிக்கொண்டது, இனிமேல் கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டது. கேள்வி மிச்சம் இருக்கிறது, கதை மிச்சம் இல்லை.

அப்படியானால் வெட்டுப்பட்ட கதையை எப்படி அடையாளம் காண்பது? என் அனுபவத்தில் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தால் போதும். வேண்டுமென்றே திறந்து விட்ட முடிவில் அந்த நேரத்தில் புதிதாக எதுவும் உள்ளே வராது. இருக்கும் ஆட்களையும் இருக்கும் கேள்வியையும் வைத்துக்கொண்டு கதை மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். வெட்டுப்பட்ட கதையில் அதே பத்து நிமிடம் விரிந்துகொண்டே போகும்: புதிய கதவு, புதிய முகம், செத்தவர் உயிரோடு வருவது. அடுத்த சீசனுக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட நிமிடங்கள் அவை. அடுத்த சீசன் வந்தால் நல்ல உத்தி. வராவிட்டால் அதுவே அந்தக் கதையின் முடிவாகிவிடுகிறது, எழுதியவர்களுக்கே அதில் சம்மதம் இருக்காது. 'தி ஓஏ' தொடரை 5 சீசன்களாகத் திட்டமிட்டிருந்தார்கள். 2019 ஆகஸ்டில், இரண்டாவதோடு நெட்ஃப்ளிக்ஸ் நிறுத்தியது. '1899' தொடருக்கு 3 சீசன் திட்டம் இருந்தது. 2022 நவம்பரில் வெளியாகி 2023 ஜனவரியிலேயே ரத்தானது. இரண்டிலும் கடைசி நிமிடங்கள் ஒரு பெரிய புதிய கதவைத் திறந்துவிட்டு நிற்கின்றன.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சீசன் கூடக் கூட நடிகர் சம்பளம் ஏறும், அரங்கத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கச் செலவாகும், பார்ப்பவர் எண்ணிக்கை அதற்கு ஈடாக ஏறாது. கணக்கு பார்க்கிறவர்கள் கணக்கு பார்க்கத்தான் செய்வார்கள், நானும் அந்தத் தொழிலில் இருக்கிறவள்தான். என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்குத் தந்த விளக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸ், பார்ப்பவர்களை மூன்று வகையாக எண்ணுவதாகச் சொன்னது: தொடங்கியவர்கள், பார்த்தவர்கள், முடித்தவர்கள். ஒரு படத்தையோ சீசனையோ 90 விழுக்காடு பார்த்தவர் முடித்தவர். வெளியான முதல் 7 நாள், முதல் 28 நாள் என்று இந்த எண்ணிக்கையை அப்போது பார்த்தார்கள். அதாவது, நான் கதையை முடித்தேனா என்று நிமிடக் கணக்கில் தெரிந்துகொள்ளும் வசதி இந்தத் தொழிலில் இருக்கிறது. கதை முடிந்ததா என்று எனக்குச் சொல்ல மட்டும் ஒரு பட்டை இல்லை.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. ஒன்றிரண்டு முறை அடிபட்டவர்கள், தொடர் முழுவதும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அக்காவின் தோழிகளில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான். ஆனால் தொடரின் தலையெழுத்தை முதல் சில வாரங்கள்தான் முடிவு செய்கின்றன. எல்லோரும் காத்திருந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் தொடர் நிற்கும், தொடர் நின்றால் இன்னும் பல பேர் காத்திருக்க ஆரம்பிப்பார்கள். நிறுத்திய தொடரை நிறுத்தியதாகச் சொல்லிவிடும் ஒரு சேவையை ஜனங்கள் நம்புவார்கள், புதிய தொடரைத் துணிந்து தொடங்குவார்கள். உண்மையைச் சொல்வது அவர்களுக்கே லாபம் என்று நான் நினைக்கிறேன்.

முடியாத கதை என்று தெரிந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்ற பயம் இருந்தால், புத்தக உலகத்தைப் பார்க்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் தன் கடைசி நாவலான 'எட்வின் ட்ரூட்' கதையை 12 மாதப் பகுதிகளாகத் திட்டமிட்டார். 1870 ஜூன் 9 அன்று இறந்தபோது 6 பகுதிகள்தான் எழுதப்பட்டிருந்தன. காணாமல் போன இளைஞன் செத்தானா, கொன்றது யார், நடுவில் வரும் அந்த வெள்ளை முடிக் கிழவர் உண்மையில் யார், எதற்கும் விடை இல்லை. இன்றும் அது அச்சில் இருக்கிறது, ஜனங்கள் வாங்கிப் படிக்கிறார்கள். முடிக்கப்படாத நாவல் என்று தெரிந்தே கையில் எடுக்கிறார்கள், முன்னுரையிலேயே அந்தத் தகவல் இருக்கும். காஃப்காவின் 'கோட்டை' ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது, அதுவும் யாரிடமும் மறைக்கப்படுவதில்லை. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார், படிக்கிறவர்களுக்கு அது தெரியும். இவற்றைப் படித்து ஏமாந்துவிட்டதாகச் சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லை. முன்கூட்டித் தெரியும்போது நாம் வேறு மாதிரிப் படிக்கிறோம். எங்கே போய்ச் சேரும் என்று ஓடாமல், போகிற வழியில் நின்று பார்க்கிறோம். அந்தக் கலங்கரை விளக்கத் தொடரையும் நான் பார்த்திருப்பேன், அந்தக் கோட்டுக் காட்சிக்காகவே பார்த்திருப்பேன். ஆனால் நோட்டைத் திறந்திருக்க மாட்டேன், அக்காவைத் தூங்கவிடாமல் செய்திருக்க மாட்டேன்.

நிறுத்திய பிறகும் ஒரு முடிவு கொடுக்க வழி இருக்கிறது என்பதற்கு நெட்ஃப்ளிக்ஸின் 'சென்ஸ்8' தொடர் சாட்சி. 2017இல் ரத்து செய்தார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2018இல் ஒரு முழுநீளப் படத்தின் நேரத்துக்கு இறுதி எபிசோட் ஒன்று எடுத்து வெளியிட்டார்கள். மீதமிருந்த கதையை எல்லாம் அதற்குள் அடைத்ததால் ஓட்டமும் நடையுமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதை கரை சேர்ந்தது. எல்லாத் தொடருக்கும் இப்படிச் செலவழிக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் குறைந்த செலவில் ஒன்று கேட்கிறேன்: எழுத்தாளர்கள் மனத்தில் வைத்திருந்த முடிவை இரண்டு பக்கம் எழுதி, தொடரின் பக்கத்திலேயே போடட்டும். கதாசிரியருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். கல்கி முடிவுரை எழுதியதைப் போல. சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒரு வரியில் தெரிந்தால் கூட எனக்குப் போதும்.

பட்டையைப் பொறுத்தவரை நான் கேட்பது சின்ன விஷயம்தான். கதை முடிந்தது, கதை தொடர்கிறது, பாதியில் நிறுத்தப்பட்டது: இந்த மூன்றில் ஒன்றை வயது எச்சரிக்கைக்குப் பக்கத்தில் போட வேண்டும். முடிந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். சில தொடர்களில் முதல் சீசன் தானாகவே ஒரு முழுக்கதையாக நிற்கும், இரண்டாவதுதான் அந்தரத்தில் தொங்கும். 'முதல் சீசன் தனிக்கதை' என்று இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வசதியாக இருக்கும். நாவலை வைத்து எடுத்ததென்றால் கதை நாவலில் முடிகிறதா என்றும் சொல்லலாம், மீதியைப் படித்துக்கொள்வோம். 'குறுந்தொடர்' என்று இப்போது போடும் பட்டையை மட்டும் நம்ப முடியாது. நன்றாக ஓடினால் குறுந்தொடருக்கும் இரண்டாம் சீசன் வந்துவிடுகிறது, முடிந்த கதையை மறுபடி பிரித்துப் போடுகிறார்கள்.

சரி, சந்தா கட்டலாமா? திரைப்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் தாராளமாகக் கட்டலாம், அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதையாக இருக்கும் துப்பறியும் தொடர்கள் இங்கே நிறைய உண்டு, அவையும் பாதுகாப்பானவை. நீண்ட மர்மத் தொடர்களுக்காக மட்டும் வருகிறவர்கள் ஆண்டுச் சந்தா எடுக்காமல் மாதச் சந்தாவோடு தொடங்குங்கள். முதல் எபிசோடைப் போடுவதற்கு முன்னால் தொடரின் பெயரோடு 'ரத்து' என்று சேர்த்து வெளியே ஒரு முறை தேடிப் பாருங்கள், கதைச் சுருக்கத்தைத் திறக்காமல் தலைப்புகளை மட்டும் படித்தால் போதும். அக்காவும் நானும் இப்போது அப்படித் தேடிவிட்டுத்தான் உட்காருகிறோம். தேடும் வேலை என்னுடையது. கதை எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவள் அதுவரை போனை எடுப்பதே இல்லை.